தடியும் வாக்குச்சீட்டும்

நமது மலைநாட்டுத் தோட்டங்களிலே பொலிஸ் என்ற சொல்லுக்குத் தனியொரு சரித்திரம் உண்டு. 1940 ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸ் குண்டுக்குப் பலியானார். அதே ஆண்டு மே மாதத்தில், பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், தம்மை அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களையே பறித்துக்கொண்டனர். வாக்குச்சீட்டுக்கும் இங்கே அவ்வாறானதொரு சரித்திரம் இருக்கிறது. 1947 இல் எஸ். எம். சுப்பையாவைப் பதுளையிலிருந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்ட மக்களிற் பெரும்பாலார், அடுத்த இரண்டாண்டுகளுக்குள் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். ஆகவே, தடி பிடித்த கை ஒருநாள் வாக்குக் கேட்டு நீளுமாயின் என்ன நிகழும் என்பது, ஊவா நேயர்களுக்கு அந்நியமான கேள்வியன்று.

அக்கேள்வியோடு 1994 ஆம் ஆண்டின் மணிலா நகருக்குச் செல்வோம். அவ்வாண்டு, அரச சேவைக்கான ரமோன் மகசேசே விருது கிரண் பேடி என்ற இந்தியப் பொலிஸ் அதிகாரிக்கு வழங்கப்பட்டது. விருதுக்குரிய அந்நகரின் முதல்வராக அப்பொழுது வீற்றிருந்தவர் அல்பிரெடோ லிம். அவரும் பொலிஸ் உத்தியோகத்திலிருந்து அரசியலுக்கு வந்தவரே.

லிம் 1929 இல் பிறந்து அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். மணிலாப் பொலிஸிற் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 1987 ஜனவரி 22 இல், நில உரிமை கேட்டு ஊர்வலமாக வந்த விவசாயிகள் மீது மெண்டியோலாப் பாலத்தருகே துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பன்னிருவருக்குக் குறையாதோர் மாண்டனர். அப்பகுதிப் பொலிஸின் தலைவராக அன்று இருந்தவர் லிம். ஐந்தாண்டுகள் கழித்து, 1992 இல், அதே நகரத்து மக்கள் அவரை முதல்வராகத் தெரிவு செய்தனர். இரவு விடுதிகளை மூடினார். போதைப்பொருள் விற்பவர் எனச் சந்தேகிக்கப்பட்டோரின் வீட்டுச் சுவர்களில், நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமல், சாயத்தால் எழுதிவைக்கச் செய்தார். மனித உரிமையாளர் கண்டித்தனர். வாக்காளர் மீண்டும் மீண்டும் தெரிவு செய்தனர். திருட்டுக்கும் அடாவடிக்கும் அஞ்சி வாழும் ஏழைக்கு ஒழுங்கு என்பது பெரும் வரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னே குடியிருந்த குழந்தைகளுக்கு வாக்கும் இல்லை, வழக்காட வழியும் இல்லை.

இனி, விருது பெற்ற அம்மையாரின் வரலாற்றைச் சற்று விரிவாகவே காண்போம். 1949 இல் அமிர்தசரசிற் பிறந்த கிரண் பேடி, 1972 இல் இந்தியப் பொலிஸ் சேவையின் அதிகாரிகளுள் முதற் பெண்மணியாகச் சேர்ந்தார். 1982 இல், ஆசிய விளையாட்டு விழாவுக்கு டில்லி ஆயத்தமான வேளையில், போக்குவரத்துப் பொறுப்பு அவரிடம் இருந்தது. தவறான இடத்தில் நின்ற வாகனங்களைப் பாரந்தூக்கியால் அகற்றியமையால் மக்கள் அவரை 'கிரேன் பேடி' என்றே அழைத்தனர். பிரதமர் அலுவலகத்துக் காரையே அவர் அகற்றினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. அக்கார்மீது நடவடிக்கை எடுத்தவர் உண்மையில் ஓர் உப பொலிஸ் பரிசோதகர். அவருக்கு அரணாக நின்றதே பேடியின் பங்கு. என் மதிப்பில் அதுவே அதிக துணிவை வேண்டும் செயல்.

மறுபக்கமும் உண்டு. 1988 இல் தீஸ் ஹசாரி நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர்கள் தடியடிக்கு உள்ளாயினர். நீதிபதி வாத்வா தலைமையிலான விசாரணைக் குழு அதனை நியாயமற்றதெனக் கண்டது.

1993 இல் அவர் டில்லிச் சிறைச்சாலைகளின் பொறுப்பதிகாரியாக நியமிக்கப்பட்டார். ஏறத்தாழ 2,500 பேருக்காக அமைந்த திகார்ச் சிறையில் அந்நாளில் 8,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தனர். அவர்களுட் பெரும்பாலார் தண்டனை பெற்றவரல்லர். வழக்கு முடியுமென்று காத்திருந்தோர். பேடி செய்தவற்றுள் மிகச் சிறந்ததென நான் கருதுவது ஓர் எளிய மனுப்பெட்டி. அது கைதிகளிடையே எடுத்துச் செல்லப்பட்டது. எவரும் தம் குறையை எழுதிப் போடலாம். அக்கடிதங்கள் காவலரின் கையிற் சிக்காமல் மேலதிகாரியையே சென்றடைந்தன. அடியையும் கையூட்டையும் பற்றி வாய் திறக்க அஞ்சிய மனிதன், முதன்முறையாக ஒரு தாளில் எழுதத் தொடங்கினான். எழுதத் தெரியாதவனுக்கு, எழுதத் தெரிந்த கைதியே ஆசிரியனானான். சிறைக்குள்ளே வகுப்புகள் எழுந்தன. 1994 ஏப்ரலில், பர்மாவிற் பிறந்த கோயங்கா என்பாரின் வழிநடத்தலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் ஒருங்கே அமர்ந்து விபாசனைத் தியானம் பயின்றனர். மகசேசே விருது அவரைத் தேடி வந்தது இப்பணியின் பொருட்டே.

2007 இல் டில்லிப் பொலிஸ் ஆணையாளர் பதவி தமக்குப் பின் சேவையிற் சேர்ந்தவருக்குச் செல்லவே, அவ்வாண்டு முடிவிலேயே பேடி ஓய்வு பெற்றார். 2011 இல் ஊழலெதிர்ப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றார். 2015 ஜனவரியில் பாரதீய ஜனதாக் கட்சியிற் சேர்ந்து, சில நாட்களிலேயே டில்லியின் முதலமைச்சர் வேட்பாளரும் ஆனார். தேர்தல் பெப்ரவரி 7 இல் நடந்தது. 70 இடங்களில் 67 ஐ ஆம் ஆத்மிக் கட்சி வென்றது. பேடியின் கட்சிக்கு மூன்றே எஞ்சின. அக்கட்சியின் கோட்டையெனப்பட்ட கிருஷ்ணா நகரில் அவரே 2,277 வாக்குகளால் தோற்றார். நாற்பதாண்டுப் புகழ் ஒருபுறமிருக்க, மூன்று வாரம் ஒரு நகரத்தின் வாசற்படிகளை ஏறி இறங்கப் போதிய காலமன்று.

வாக்கு மறுத்ததை நியமனம் வழங்கியது. 2016 மே 29 இல் அவர் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநரானார். தமிழ் வழங்கும் அந்நிலத்தில் வாய்க்கால்களைத் தூர் வாரச் செய்தார். அதிகாலையிலே சைக்கிளேறி வீதிகளைப் பார்வையிட்டார். குறை சொல்ல இயலாத பணிகள். ஆனால் மக்கள் தெரிவு செய்த முதலமைச்சர் நாராயணசாமியோடு முடிவற்ற பிணக்கும் வளர்ந்தது. 2019 பெப்ரவரியில் முதலமைச்சர் கறுப்புச் சட்டை அணிந்து ஆளுநர் மாளிகை வாசலிலேயே படுத்து மறியல் செய்யுமளவுக்கு அது முற்றியது.

அதற்கு முந்திய ஆண்டு நிகழ்ந்த ஒன்றை நாம் இங்கே சிறப்பாகக் கவனிக்க வேண்டும். திறந்தவெளியில் மலங்கழித்தலும் குப்பையும் தம் கிராமத்தில் இல்லையெனச் சான்று பெறும்வரை கிராமத்தாருக்கு இலவச அரிசி நிறுத்திவைக்கப்படும் என்று 2018 ஏப்ரலில் பேடி அறிவித்தார். எதிர்ப்புக் கிளம்பவே உடனே மீளப் பெற்றார். அரிசியைக் கையில் வைத்திருப்பவனுக்கு எத்துணை அதிகாரம் உண்டென்பதை, சம்பளத்தில் அரிசிக் காசு கழிக்கப்பட்ட காலத்தைக் கண்ட நம் தோட்டத்து முதியோர் நன்கறிவர். வாக்கில்லாத கைதியின் கடிதத்தைப் பிரித்துப் படித்த அதே அம்மையார், வாக்குள்ள குடியானவனின் உலையரிசியை ஒரு கட்டளையால் நிறுத்த எண்ணினார். திகாரில் அவர் முதலிற் கேட்டார், பின்பு ஆணையிட்டார். புதுச்சேரியில் ஆணை முந்திக்கொண்டது.

லிம்மின் பிற்காலத்தையும் சொல்லிவிடுவோம். 2010 ஆகஸ்ட் 23 இல், பணிநீக்கம் செய்யப்பட்ட மணிலாப் பொலிஸ் அதிகாரி ஒருவர் சுற்றுலா பஸ் ஒன்றைக் கைப்பற்றினார். ஹொங்கொங் பயணிகள் எண்மர் மாண்டனர். நகர முதல்வர் என்ற முறையில் லிம்மின் நடத்தையும் விசாரணைக்குள்ளாயிற்று. 2013 தேர்தலில் அவரை வென்றவர் முன்னாள் ஜனாதிபதி எஸ்ராடா. 2020 ஆகஸ்டில், தமது 90 ஆவது வயதில், கொவிட் நோயால் லிம் காலமானார்.

பேடியைப் புதுச்சேரியிலிருந்து அகற்றும் ஆணை 2021 பெப்ரவரி 16 இல் பிறந்தது. ஆறு நாட்கள் கழித்து, 22 ஆந் திகதி, நாராயணசாமியின் அரசும் சட்டசபையிற் பெரும்பான்மை இழந்து வீழ்ந்தது.