தூத்தல்: ஒரு மழைச் சொல்லின் கதை

கொங்குத் தமிழ் என்றாலே "ஏனுங்க", "சொல்லுங்க" என்ற மரியாதைப் பேச்சுதான் பலருக்கும் ஞாபகம் வரும். அந்தப் பேச்சில் மழைக்கும் அழகான சொற்கள் உண்டு. கோவைப் பக்கம் லேசாக மழை விழுந்தால் "தூத்தல் போடுது" என்பார்கள். வேறு சில வட்டாரங்களிலும் இதைக் கேட்கலாம்.

இதையே பரீட்சைத் தாளில் எழுதினால்? சிவப்பு மையில் அடித்து, "தூறல்" என்று திருத்திவிடுவார்கள். "தூத்தல்" அப்படி என்ன கொச்சைச் சொல்லா?

இல்லை. இது "தூற்றல்" என்ற எழுத்துத்தமிழ்ச் சொல்லின் பேச்சு வடிவம். காற்று "காத்து" ஆவது போல, நேற்று "நேத்து" ஆவது போல, தூற்றல் "தூத்தல்" ஆனது. அவ்வளவுதான்!

சரி, தூறலுக்கும் தூற்றலுக்கும் என்ன உறவு? மாறு - மாற்று, ஏறு - ஏற்று என்பது போல தூறு - தூற்று. முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. ஆக இரண்டும் ஒரே வேரில் பிறந்த உடன்பிறப்புகள். ஒன்று சரி, மற்றது பிழை என்பதற்கே இடமில்லை.

தூற்றுதல் என்றால் சிதறி விழச் செய்தல். களத்தில் முறத்தை உயர்த்தி, கம்பையும் சோளத்தையும் காற்றில் விட்டால் பதர் பறந்து போகும், மணி கீழே விழும். "காற்றுள்ள போதே தூற்றிக்கொள்" என்ற பழமொழி இங்கிருந்து வந்ததுதான். கன்னடத்திலும் "தூரு" என்றால் தானியத்தைத் தூற்றுவது. ஊரெல்லாம் சொல்லைச் சிதறவிடுவதால் "பழி தூற்றுதல்" என்றும் ஆயிற்று.

கோவைக்கு இந்தச் சொல் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே கொட்ட வைத்துவிடுகிறது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன், ஜூலை மாதங்களில் பலத்த காற்று வரும். அதோடு சேர்ந்து வருவது சிதறிய துளிகள்தான். கோவைக்குப் பெரிய மழை அக்டோபருக்குப் பிறகு, வடகிழக்குப் பருவத்தில்தான். காற்றே மழையைத் தூற்றும் ஊர் இது!

விடாமல் பெய்யும் மழைக்குச் "சோனை" என்ற சொல்லும் உண்டு. எல்லை தாண்டிக் கர்நாடகம் போனாலும் "சோனெ மளெ" என்று அதைக் கேட்கலாம்.

பெருமாள்முருகன் 2000-ல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை வெளியிட்டார். அகராதி சொல்லைப் பாதுகாக்கும். ஆனால் பேசினால்தான் அது உயிரோடு இருக்கும். தானியம் தூற்றும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட இந்தக் காலத்தில், அந்த வினை இன்னும் வாழ்வது மழையில்தான். அதையும் கொச்சை என்று ஒதுக்கினால் பிறகு மிச்சம் என்ன இருக்கும்?