வேலியில்லாத் தோட்டம்: பழவேற்காட்டு ஏரியும் அதன் பருவங்களும்

சென்ற மார்கழியின் இறுதி வாரத்தில் எம் துறை மாணவர் சிலரோடு பழவேற்காட்டுக்குச் சென்றிருந்தோம். வகுப்பறையில் நெய்தல் திணையை நடத்தி முடித்திருந்த நேரம் அது. கண்டல், தாழை, அடும்பு, ஞாழல் என்று கருப்பொருள்களை ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்களுள் ஒருவர்கூடக் கண்டலைக் கண்ணால் கண்டதில்லை என்று அறிந்தபோது நாணமே மிஞ்சியது. அதற்கு முந்தைய ஆண்டு இதே மாணவர்கள் உதகைத் தாவரவியல் பூங்காவுக்குச் சென்று வந்தவர்கள். 1848-இல் மெக்கைவர் என்னும் ஆங்கிலேயரின் பொறுப்பில் உருவாகத் தொடங்கிய அப்பூங்காவில் மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை உண்டு. ஏரிக்கரையில் நின்ற ஒரு மாணவி கேட்டார்: "ஐயா, இங்கே எதற்கும் பெயர்ப்பலகை இல்லையே, எப்படிப் படிப்பது?"

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நாம் எழுத முயலும் விடை.

முதற்பலகையை ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். பழ-வேல்-காடு, அதாவது பழைய வேல மரங்களின் காடு என்று இப்பெயரைப் பிரித்துப் பொருள் கொள்வர். வெள்வேலைத் தலமரமாகக் கொண்ட திருவேற்காட்டை இங்கு ஒப்புநோக்கலாம். ஐரோப்பியர் நாவில் இப்பெயர் தேய்ந்து 'புலிகாட்' ஆயிற்று. இவ்வூர்த் துணி கடல் கடந்து புகழ்பெற்றதால் ஆங்கிலத்தில் ஒருவகைக் கைக்குட்டைக்கே அப்பெயர் நிலைத்தது. ஆனால் இன்று ஊருக்குள் நுழையும் சாலையின் இருமருங்கும் நம்மை எதிர்கொள்வது பழைய வேலமன்று, சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரம் விறகுத் தேவையை முன்னிட்டு 1870-களில் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பெயரில் ஒரு மரமும் மண்ணில் வேறொரு மரமுமாக ஊர் நிற்கிறது.

இரண்டாவது பலகை சாயவேருக்கு உரியது. சித்த மருத்துவர்கள் இம்பூறல் என்பர். சோழமண்டலக் கடற்கரையின் மணற்பாங்கான நிலங்களில் வளரும் இச்சிறு செடியின் வேர்ப்பட்டையில்தான் இக்கரைத் துணிகளின் புகழ்பெற்ற செந்நிறம் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா இத்துறைமுகத்தின் வண்ணத்துணி வாணிகத்தைக் குறித்திருக்கிறார். பின்னர் வந்த டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிகத்தின் தலைநகர் இதுவே. 1781-இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் இழந்தபின் மீண்டும் இங்கு வந்தனர். 1825-இல் இவ்வூரையும் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்து விலகினர்.

இங்கே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. இதே டச்சுக் கும்பினியின் கொச்சி ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவர் உள்ளிட்டோரின் அறிவைத் துணைக்கொண்டு மலபார்ச் செடிகொடிகளை 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பன்னிரண்டு தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை வெளியிட்டார். பழவேற்காட்டிலிருந்தும் ஒரு நூல் பிறந்தது. 1630-களில் இங்குப் பணியாற்றிய பாதிரியார் ஆபிரகாம் ரோஜேரியுஸ் எழுதி 1651-இல் அச்சான அந்நூல் இந்து சமயத்தைப் பற்றியது, செடிகளைப் பற்றியதன்று. சாயவேரைத் தோண்டியவர், துணியைத் தோய்த்தவர் ஆகியோர் பெயர்கள் எதிலும் ஏறவில்லை. 1868-இல் செருமானிய வேதியியலாளர்கள் செஞ்சாயத்தைச் செயற்கையாக ஆக்கியபின் அச்செடியைத் தேடுவாரும் அருகினர்.

அக்காலத்தின் இன்னொரு முகத்தையும் மறைத்தல் கூடாது. பஞ்சம் வந்த ஆண்டுகளில் இக்கரையிலிருந்து துணியோடு மனிதரும் அடிமைகளாக ஏற்றுமதியாயினர் என்பதை யாழ்ப்பாணத்தவரான வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினம் விரிவாக ஆய்ந்துள்ளார். மழை பொய்த்தால் மனிதர் விலை வீழ்ந்தது, கப்பல் நிறைந்தது. டச்சுக் கல்லறைகளில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களும் குலச்சின்னங்களும் இன்றும் துலங்குகின்றன. தொல்லியல் துறை அவற்றைக் காக்கிறது. கப்பலேறியவர்க்குக் கல் இல்லை.

இனி ஏரியின் பருவங்களைக் காண்போம். சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்கோடி மட்டுமே தமிழ்நாட்டுக்கு உரியது. பரப்போ மிகப்பெரிது, ஆழமோ பல இடங்களில் இடுப்பளவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்ய, ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொணர்கின்றன. பெருகிய நீர் முகத்துவாரத்தின் மணல்மேட்டை உடைத்துக் கடலோடு கலக்கிறது. அவ்வழியே இறாற்குஞ்சுகளும் மீன்குஞ்சுகளும் ஏரிக்குள் வந்து வளர்கின்றன. நீர் வடியத் தொடங்கும் மார்கழி, தை மாதங்களில் சேற்றில் இரைதேடப் பூநாரைகள் திரள்கின்றன. கோடையில் நீர் சுருங்க, உப்பு கடலினும் மிகுந்துவிடும். அப்போது சேற்றுத் திடல்களில் உமரி சிவந்து படரும். கரையின் மணலை அடும்பங்கொடி பற்றிக்கொள்ளும். ஓடைக்கரைகளில் எஞ்சியிருக்கும் வெண்கண்டல், வேரிலிருந்து மூச்சுக்குச்சிகளை மேலே நீட்டி நிற்கும்.

இத்தோட்டத்தின் கதவு முகத்துவாரம். அது தூர்ந்தால் ஏரி மூச்சுத் திணறும். "வாய் அடைஞ்சா வயிறும் அடைஞ்சது" என்றார் எம்மைப் படகில் அழைத்துச் சென்ற முதியவர். ஒரு நூற்பக்கத்தை நான்கு சொற்களில் முடித்துவிட்டார் என்று தோன்றியது.

தோட்டம் என்றால் காவலும் முறையும் வேண்டும். பழவேற்காட்டு மீனவர் அதற்கு வைத்த பெயர் 'பாடு'. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் இன்னின்னவை, அவற்றில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்பதைக் குலுக்கலாலும் முறைவைப்பாலும் ஊரே வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், ஆண்டிமடம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இம்முறைக்குப் பெயர்பெற்றவை. இலங்கைக் கரைவலைத் துறைகளையும் 'பாடு' என்றே வழங்குவர். சொல்லும் கடல் கடந்திருக்கிறது. பொதுச்சொத்தை மக்களே ஆண்டுகொள்ள இயலும் என்று நிறுவிய எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தபோது, எமக்குப் பழவேற்காடே நினைவுக்கு வந்தது.

ஆயினும் புகழ்ந்து மட்டும் நிறுத்துவது நேர்மையாகாது. மரபான பாட்டு உரிமை குறிப்பிட்ட ஊரின், பட்டினவர் சமூகத்து, மணமான ஆண்களுக்கே உரியது. பெண்களுக்கு அதில் இடமில்லை. பிற சமூகத்தார் வெளியே நிற்கின்றனர். பறியை வாயில் கவ்வியபடி இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவும் இருளர் பெண்களுக்கு எந்தக் குலுக்கலிலும் சீட்டில்லை. குருத்தோலையைக் கிழித்துச் சாயமேற்றிப் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்களின் பருவக்கணக்கு பனையைச் சார்ந்தது. பனை குறைந்தால் அதைக் கேட்கவும் ஓர் அவை இல்லை. பாடு என்னும் சொல்லுக்குப் பங்கு என்றும் பொருள். துன்பம் என்றும் பொருள். ஒருவர்க்கு முன்னது, ஒருவர்க்குப் பின்னது.

வெளியிலிருந்து வந்த மாற்றங்களும் பல. 1876-78 தாதுவருடப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களால் விரிவுபெற்ற பக்கிங்காம் கால்வாய் இவ்வேரியின் வழியே செல்கிறது. அதில் சென்னையின் அடுப்புகளுக்கு விறகு போயிற்று. ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து மக்கள் அகற்றப்பட்டு 1971-இல் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. தெற்கே எண்ணூரில் 2001-இல் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்க, பின்னர் காட்டுப்பள்ளியிலும் ஒன்று எழுந்தது. தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைக்குச் சட்டம் உண்டு. அதே சேற்றில் நிற்கும் இருளர் பெண்ணுக்கு?

பொழுது சாயும் வேளையில் திரும்பினோம். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு என்று நடத்தியிருந்தோம். அதற்குரிய உரிப்பொருள் இரங்கல் என்றும் நடத்தியிருந்தோம். கேள்வி கேட்ட மாணவி தம் ஏட்டில் எட்டுச் செடிகளின் பெயர்களை எழுதியிருந்தார். ஒவ்வொன்றின் எதிரேயும் அப்பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் இன்னார் என்றும் குறித்திருந்தார்: படகுக்காரர், ஓலை முடையும் அம்மா, இறால் தடவிய அக்கா. வான் ரீட் தம் நூலில் இட்டி அச்சுதனின் பெயரைச் சேர்த்ததைப் பற்றி நாம் அப்போது ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.