உணவுக்குழாய்ப் புற்றுநோய்: சிகிச்சைக்குப் பின் வீட்டில் துணை கவனிக்க வேண்டியவை

உணவுக்குழாயில் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தார் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஆபரேஷனைப் பற்றியே இருக்கின்றன. எங்கே செய்வது, எவ்வளவு செலவாகும், பிழைத்துக்கொள்வாரா? டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இரவு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததும் அவர் விடாமல் இருமினால் என்ன செய்வது என்று யாரும் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போவது மனைவி, அல்லது கணவர். பிள்ளைகள் துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். மருத்துவமனை மதுரையிலோ சென்னையிலோ இருக்கும். காரைக்குடிப் பக்கம் பல வீடுகளின் நிலை இதுதான். அப்படித் தனியாக விழித்திருக்கும் துணைக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். இதில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். நம் நாட்டில் இதில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் குழாயின் உள்தோலில் தொடங்குவது. புகையிலை, பாக்கு, மது ஆகியவை முக்கியக் காரணங்கள். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக எதைக் குடித்தாலும் அது புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் வகைப்படுத்தியது. அடுப்பிலிருந்து இறக்கிய டீயை அப்படியே வாயில் வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நோயாளி இருக்கும் வீட்டிலாவது அது நிற்கட்டும்.

பரவாத நிலையில் கண்டுபிடித்தால், பலருக்கு முதலில் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நெதர்லாந்தில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வைப் பின்பற்றும் முறையில் இது 23 கதிர்வீச்சு அமர்வுகள், ஏறக்குறைய ஐந்து வாரம். சில வாரங்கள் கழித்து ஆபரேஷன். உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போல் ஆக்கி மேலே இழுத்து இணைப்பார்கள். ஆபரேஷன் தாங்காத உடல் என்றால் கதிர்வீச்சை இன்னும் கூட்டிக் கொடுத்து அதோடு நிறுத்துவதும் உண்டு. 1913-ல் நியூயார்க்கில் டோரெக் என்ற மருத்துவர் இந்த நோய்க்காக ஒரு பெண்ணின் உணவுக்குழாயை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியபோது, இரைப்பையை மேலே இணைக்கும் வழி இருக்கவில்லை. கழுத்துத் துளையையும் வயிற்றுத் துளையையும் உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்தார். அந்த அம்மா அதன் வழியாகவே சாப்பிட்டு பத்தாண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்.

கதிர்வீச்சு தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் விழுங்கும்போது எரிச்சல் ஆரம்பிக்கும். நெஞ்சுக்குள் புண் இருப்பது போல என்பார்கள். உண்மையிலேயே அது புண்தான். சிகிச்சை முடிந்த பிறகும் ஓரிரு வாரம் கூடிவிட்டுத்தான் ஆறும். "முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறார்" என்று மனைவி கோபப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அவர் அடம் பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுக்கும்படி வலி மருந்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். இயந்திரத்தில் கொடுக்கும் வெளிக்கதிர்வீச்சு உடம்பில் தங்குவதில்லை. பேரப்பிள்ளை மடியில் உட்காரலாம், ஒரே படுக்கையில் படுக்கலாம். கீமோ மருந்து அப்படி இல்லை. ஏற்றிய பிறகு இரண்டு நாட்கள் வரை சிறுநீரிலும் வாந்தியிலும் அது வெளியேறும். துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கழிப்பறையில் இருமுறை தண்ணீர் விடுங்கள்.

இனி அடுப்படி. செட்டிநாட்டில் அன்பைக் காட்டுவது சாப்பாட்டில்தான். "இன்னும் ஒரு வாய்" என்பது நம் வீடுகளில் உபசாரம். இந்த நோயாளிக்கு அந்த ஒரு வாய் ஆபத்தாகலாம். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், குழாய் அடைபடாமல் இருக்க உள்ளே ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்திருந்தார்கள். கணவர் ஆசைப்பட்டாரே என்று மனைவி சுக்கா வறுவலில் ஒரு துண்டை எடுத்து நன்றாகப் பிய்த்துத்தான் கொடுத்தார். நார் ஸ்டென்ட்டில் சிக்கிக்கொண்டது. எச்சில்கூட இறங்காமல் இரவோடு இரவாக மதுரைக்கு ஓடினார்கள். எண்டோஸ்கோபி வைத்து எடுத்த பிறகு அவர் சரியாகிவிட்டார். அந்த அம்மாதான் பல மாதம் "நானே என் கையால் கொடுத்தேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதைக் கொடுக்கக் கூடாது என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவருக்கு அந்தப் பாரம் வந்திருக்காது.

ஸ்டென்ட் உள்ளவருக்கும் குழாய் சுருங்கியவருக்கும் இறைச்சித் துண்டு, ரொட்டி, பரோட்டா, உருண்டையாகப் பிடிக்கும் குழைந்த சாதம், கீரைத் தண்டு, தோலுடன் பழம் ஆகியவை கூடாது. சீடை, முறுக்கு பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. நோன்புக் கஞ்சி மிகப் பொருத்தமான உணவு. பச்சரிசி, பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்வதால் மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் ஒன்றாகக் கிடைக்கும். கறித்துண்டு, பட்டை, கிராம்பு, மிளகாய் போடாமல் செய்து, மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். பாலில் ஊறவைத்து மசித்த இடியாப்பம், முள் நீக்கி மசித்த மீன், நன்றாக வேகவைத்து மசித்த முட்டை, மசித்த பருப்பு இவையும் ஆகும். பசும்பால் வயிற்றோட்டம் தந்தால் தயிருக்கு மாற்றிப் பாருங்கள். கீமோ நடக்கும்போது அரைவேக்காட்டு முட்டை, பச்சைக் காய், வெளியில் வாங்கிய சட்னி வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரே எடை இயந்திரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். "மெலிந்துவிட்டார்" என்றால் மருத்துவருக்கு எதுவும் புரியாது. "பத்து நாளில் மூன்று கிலோ குறைந்தது" என்றால் அன்றே ஏதாவது செய்வார்.

வாயால் போதிய அளவு இறங்காதபோது வயிற்றில் துளையிட்டுச் சிறுகுடலுக்குள் உணவுக்குழல் வைப்பார்கள். அதைப் பார்த்ததும் பலர் இனி அவ்வளவுதான் என்று உடைந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சிகிச்சையைத் தாங்கும் சக்தியைக் கொடுக்கும் தற்காலிக ஏற்பாடு. சிறுகுடலுக்கு இரைப்பையைப் போலச் சேர்த்து வைக்கும் இடம் இல்லை. எனவே ஊசிக்குழாயில் ஒரே மூச்சாகத் தள்ளினால் வயிறு பிசைந்து, வியர்த்து, பேதியாகும். மெதுவாகச் சொட்டவிட வேண்டும். ஒவ்வொரு முறை உணவு கொடுக்கும் முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான நீர் விட்டுக் கழுவுங்கள். மாத்திரையை அப்படியே இடித்துப் போட்டால் அடைத்துக்கொள்ளும். திரவ மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். குழல் கழன்று விழுந்தால் நீங்களே உள்ளே திணிக்க வேண்டாம். அந்தத் துளை சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும். சுத்தமான துணி வைத்து ஒட்டி, விழுந்த குழலையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

ஆபரேஷன் முடிந்தவரின் சிக்கல் வேறு. இரைப்பையிலிருந்து மேலே ஏறாமல் தடுக்கும் வால்வு போய்விட்டது. அதனால் தட்டையாகப் படுத்தால் உள்ளே இருப்பது தொண்டைக்கு வரும், நுரையீரலுக்கும் போகும். தலைமாட்டில் கட்டிலின் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துங்கள். தலையணை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு முறை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உணவு. சாப்பிட்டவுடன் படபடப்பு, வியர்வை, மயக்கம் வந்தால் உணவு வேகமாகக் குடலுக்கு இறங்குகிறது என்று பொருள். சர்க்கரை போட்ட டீ, பாயசம், கவுனி அரிசி இனிப்பு இதைத் தூண்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி தள்ளிக் குடிக்கட்டும். குரல் கம்மிப்போவதும் உண்டு, குரல்நாணுக்குப் போகும் நரம்பு அந்த வழியில்தான் இருக்கிறது. பலருக்குச் சில மாதங்களில் திரும்பும். அதுவரை தண்ணீர் புரையேறும் வாய்ப்பு அதிகம்.

குனிந்தாலும் இதே சிக்கல் என்பதால், ஸஜ்தாவில் உணவு மேலேறி வாயில் கசப்பதாகச் சொல்லும் நோயாளிகள் தொழுகையையே விட்டுவிட நினைக்கிறார்கள். நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழும் சலுகை இவர்களைப் போன்றோருக்காகவே உள்ளது. மருத்துவர் சொன்னதை உங்கள் மஹல்லா இமாமிடம் எடுத்துச் சொல்லி விளக்கம் பெறுங்கள். வயிற்றில் கட்டுப் போட்டிருக்கும்போது ஒளூ செய்வது பற்றியும் அவரிடமே கேளுங்கள். ரமளானில் "எல்லோரும் பிடிக்கிறார்கள், நானும் பிடிக்கிறேன்" என்பார். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பகல் முழுதும் வெறும் வயிறு, இஃப்தாரில் ஒரே மூச்சில் பேரீச்சம்பழமும் சர்பத்தும் என்பது இந்த உடம்புக்கு மிகவும் ஆகாத முறை. அதை அவரிடம் மனைவி சொல்வதைவிட ஆலிம் ஒருவர் சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

எது காலை வரை காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதைத் துணை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கீமோ போட்டவருக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. ஊசி போட்டு ஏழு முதல் பதினான்கு நாட்களில் வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். கிருமித்தொற்று சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். எச்சிலே விழுங்க முடியாமல் போவது, ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம் இவையும் அப்படித்தான். எதைக் குடித்தாலும் உடனே இருமல் வருவது உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே ஓட்டை விழுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது வாயால் எதுவும் கொடுக்காமல் கிளம்புங்கள். சுருங்கிய குழாயை எண்டோஸ்கோபி மூலம் விரித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிய அன்று கடுமையான நெஞ்சுவலி வந்தாலும் கிளம்ப வேண்டியதுதான். எரிச்சல், மலச்சிக்கல், ருசி இல்லாமை, கை கால் மரத்துப்போதல் போன்றவை காலையில் போன் செய்து கேட்கக்கூடியவை.

காரைக்குடியிலிருந்து மதுரைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். காய்ச்சலோடும் திணறலோடும் சிகிச்சை அளித்த மருத்துவமனைக்கே போகிறேன் என்று அவ்வளவு தூரம் காரில் போவதைவிட, 108-ஐ அழைத்து காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ முதலில் மருந்து ஏற்றிக்கொண்டு மேலே போவது நல்லது. அங்கே பணியில் இருக்கும் மருத்துவருக்கு உங்கள் கணவரைத் தெரியாது. எந்த மருந்து, கடைசியாக எந்தத் தேதியில், ஆபரேஷன் எப்போது, ஸ்டென்ட் அல்லது குழல் இருக்கிறதா என்ற விவரங்களை ஒரே தாளில் எழுதி, போனிலும் படமாக வைத்திருங்கள். இரவில் வண்டி ஓட்ட வரக்கூடிய இருவரிடம் முன்பே பேசி வையுங்கள். உறவினர் "ஏதாவது உதவி வேண்டுமா" என்று கேட்கும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வரச் சொல்லாமல் இதைக் கேளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உதவி எண் 1800 425 3993. மதுரை பாலரெங்காபுரத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் நம் பகுதியில் அதிகம். 1954-ல் அதை உருவாக்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்துதான் அந்த எண்ணமே அவருக்குப் பிறந்தது. சிகிச்சைக்காக ரயிலில் போகும்போது உரிய படிவத்தில் மருத்துவமனைச் சான்று வாங்கினால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை, உடன் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகை கிடைக்கும். பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறுகிற பலர் இந்தப் படிவத்தைக் கேட்காமலே முழுப் பணம் கட்டுகிறார்கள்.

இனி வீட்டுக்குள் பேசப்படாத இரண்டு விஷயங்கள். ஒன்று, "அவருக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டார்." தினமும் கதிர்வீச்சு வார்டில் காத்திருந்தவருக்கு என்ன நோய் என்று தெரியாமல் இருக்காது. அவரும் மனைவி தாங்க மாட்டாள் என்று மறைப்பார். இருவரும் ஒரே அறையில் தனித்தனியே அழுவார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. "உங்களுக்கு டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருந்தால் போதும். கொடுக்க வேண்டிய கடன், மகளின் கல்யாணம், நிலத்தின் பத்திரம் என்று அவர் பேச ஆரம்பிப்பார். குணமாகும் நம்பிக்கை இருக்கும்போதே இதைப் பேசிவிடுவது இருவருக்கும் நிம்மதி.

மற்றொன்று வலி. நோய் முற்றி, குணப்படுத்த இயலாது என்ற கட்டத்தில் மார்பின் கொடுக்கச் சொன்னால் போதை மருந்தாயிற்றே என்று மறுக்கிறார்கள். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் கணக்கிட்டுத் தரும் மார்பின் போதைப் பழக்கத்தைப் போன்றதல்ல. இது எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றே 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தினார்கள். அதோடு மலமிளக்கியும் சேர்த்துக் கேளுங்கள், மார்பின் மலச்சிக்கலைத் தரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையான நோயாளிக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

கவனித்துக்கொள்பவர் பலர் தங்கள் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் மறந்துவிடுகிறார்கள். அவர் முன்னால் சாப்பிட மனம் வராமல் நின்றுகொண்டே இரண்டு வாய் போட்டுக்கொள்கிறார்கள். வாரத்தில் இரண்டு இரவாவது மகனோ கொழுந்தனோ அவர் அறையில் படுக்கட்டும். குழலைக் கழுவுவது எப்படி, எந்த அறிகுறிக்கு யாரை எழுப்ப வேண்டும் என்பதை அவர்களுக்குச் செய்து காட்டுங்கள். அந்த ஒற்றைத் தாளையும் 108 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு, நீங்கள் பக்கத்து அறையில் போய்த் தூங்குங்கள்.