வாவியை மறந்த பிள்ளைகள்

கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்படும்வரை, வாவிக்கு அக்கரையிலிருந்து படிக்க வந்த எமது அம்மம்மாமாரின் தலைமுறைக்குத் தோணியே வழி. கச்சான் எப்போது எழும்பும், எந்த இடத்தில் தண்ணீர் இழுக்கும், தில்லம்பால் கண்ணிற் பட்டால் என்னவாகும் என்பவற்றை எந்த ஆசிரியையும் அவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை.

பறுவ இரவுகளில் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையிற் காதை வைத்துப் பாடுமீனைக் கேட்பது அக்காலத்தில் வீட்டாரோடு போகும் உல்லாசம். 1848இல் இங்கு வந்த எமர்சன் ரெனன்ற் அவ்வொலியைக் கேட்டு எழுதிவைத்தார். பாடுவது மீனல்ல, ஊரியே என்று வலைஞர்கள் அவருக்குச் சொன்னார்களாம். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை!

1990க்குப் பின் வாவி பயத்தின் எல்லையாயிற்று. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே சோதனைச் சாவடிகள் எழுந்தன. தோணியில் வளர்ந்த நாங்களே எங்கள் பெண்பிள்ளைகளை முற்றத்துக்கும் விடாமல் வளர்த்தோம். வேறு வழி இருக்கவில்லை.

அந்த ஆண்டுகளில்தான், 1996இல், அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து எமது நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். போர் தொட்ட தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாக வந்தார்கள். மரநிழல், களிமண், செடிகள், வளர்ப்புப் பிராணிகள், கதை, வர்ணம் ஆகியவையே அங்கே மருந்து. நடந்ததைச் சொல் என்று எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. மண்ணைப் பிசைந்துகொண்டிருக்கும் பிள்ளை தனக்கு வேண்டியபோது பேசும் என்று காத்திருந்தார்கள். பிற்காலத்தில் உளநல வல்லுநர்கள் விரித்துரைத்ததை எங்கள் ஊர்த் தோட்டம் ஒன்று முன்னரே செய்து காட்டியது என்பதில் எமக்குப் பெருமையுண்டு.

2004 மார்கழியில் கடலும் பயமாயிற்று.

இப்போது போர் இல்லை. 2013இல் புதிய பாலமும் வந்துவிட்டது. ஆயினும் பிள்ளைகள் உள்ளேதான் இருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், மாலை வகுப்பு, அதன்பின் கைத்தொலைபேசி. கண்ணாடி அணியும் சிறுமிகள் வகுப்புக்கு வகுப்பு கூடுகிறார்கள். பிள்ளைகளின் கிட்டப்பார்வையைத் தடுக்கவென்றே தாய்வான் 2010 முதல், நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்கச் செய்யும்படி பாடசாலைகளைத் தூண்டி வருகிறது. எமக்கோ வாவி மதிலுக்கு அப்பால் கிடக்கிறது. அன்று கதவைப் பூட்டியது பயம். இன்று பூட்டுவது நாங்கள்.

சென்ற ஆண்டுப் பறுவம் ஒன்றில், பெற்றோரிடம் அனுமதி பெற்று ஒன்பது மாணவிகளைத் தோணியில் அழைத்துச் சென்றோம். முன்பு தோணி ஏறியிருந்தவர்கள் இருவர் மாத்திரமே. தோணிக்காரர் துடுப்பை நீட்டினார். முறைவைத்துக் காதை வைத்தார்கள். அன்று பாட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை காலையே, “மிஸ், திரும்ப எப்ப போறம்?” என்று வந்து நின்றார்கள். வரும் பறுவத்துக்கு இரண்டு தோணி பேசியிருக்கிறோம்.