காருக்குப் பெரிய அலாய் வீல் போடப் போறீங்களா? டிசைனைப் பார்க்கும் முன் ரிம்மின் பின்பக்கத்தைப் பாருங்க

செகண்ட் ஹேண்டில் வேகமான கார் ஒன்று வாங்கியாச்சு. இன்ஜின் நல்லா இருக்கு, பெயின்ட்டும் நல்லா இருக்கு. அடுத்து கண் போவது சக்கரத்தின் மேல்தான். 15 இன்ச் ரிம் ஃபெண்டருக்குள் ஒடுங்கி நிற்பதுபோலத் தோன்றும். 17 போட்டால் கார் கம்பீரமாகிவிடும் என்று கடைக்காரரும் சொல்வார், நண்பர்களும் சொல்வார்கள். பொய்யில்லை, கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனா அதற்கான விலை முழுவதும் ரிம் வாங்கிய பில்லில் இருக்காது. டயர் தாங்கும் சுமை, சஸ்பென்ஷன், இன்ஷூரன்ஸ், சட்டம் என்று பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சரியான அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒரு நிஜமான காரை வைத்தே பார்ப்போம். 2013-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைத்திறன். 2022-ல் போலோவின் விற்பனையே இங்கே நின்றுபோனது; ஆனால் பழைய கார் சந்தையில் இன்றைக்கும் இதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. கறாராகச் சொன்னால் இது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஹாட் ஹேட்ச். நம்மில் பலருக்குக் கைக்கு எட்டுகிற ஸ்போர்ட்ஸ் கார் இதுதான் என்பதால் இதையே எடுத்துக்கொள்வோம். கணக்கு மஸ்டாங்குக்கும் இதேதான்.

டயர் மேல் எழுதியிருப்பது என்ன?

போலோ ஜிடி முதலில் வந்த டயர் அளவு 185/60 ஆர்15. இதில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், அந்த அகலத்தில் எத்தனை சதவீத உயரம் என்பது. 185-ல் 60 சதவீதம் 111 மி.மீ. கடைசி 15, ரிம்மின் விட்டம், இன்ச்சில். ஒரு இன்ச் 25.4 மி.மீ. என்பதால் 381 மி.மீ. மேலே ஒரு சைடுவால், கீழே ஒரு சைடுவால், நடுவில் ரிம்: 111 + 381 + 111 = 603 மி.மீ. இதுதான் டயரின் முழு உயரம்.

இந்த 603-ஐ மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், ஏபிஎஸ் எல்லாம் இதை நம்பித்தான் வேலை செய்கின்றன. ரிம்மை எத்தனை இன்ச் ஏற்றினாலும் மொத்த உயரம் இதற்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏறக்குறைய 2 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி, 3 சதவீதம்தான் எல்லை என்பது பொதுவான கணக்கு.

இப்போது புரிகிறதா? மொத்த உயரம் மாறக்கூடாது, ரிம் பெரிதாக வேண்டும் என்றால், கூடுகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் சைடுவாலில் இருந்துதான் வெட்டப்படும். 17 இன்ச் ரிம்முக்குப் பலரும் போடும் 205/40 ஆர்17 டயரைப் பாருங்கள். மொத்த உயரம் 595.8 மி.மீ., அசலைவிட 1.2 சதவீதம்தான் குறைவு. கணக்கில் பாஸ். ஆனால் சைடுவால் 111-ல் இருந்து 82 மி.மீ.க்கு இறங்கிவிட்டது.

அந்த 29 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் என்ன செய்துகொண்டிருந்தன? பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ரிம்மில் அடி விழாமல் தாங்கிக்கொண்டிருந்தன. மழை முடிந்த பிறகு பெங்களூரு, மும்பை, சென்னை என்று எந்த நகரத்துச் சாலையிலும் கூரான விளிம்போடு பள்ளங்கள் திறந்து கிடக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதில் இறங்கினால், சைடுவால் குறைந்த டயர் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கும். ரிம் வளையலாம், கீறல் விடலாம். அல்லது உள்ளே நூல் அறுந்து டயரின் பக்கத்தில் முட்டை மாதிரி ஒரு வீக்கம் கிளம்பும். அந்த வீக்கத்துக்குப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது, டயரையே மாற்ற வேண்டியதுதான். நெடுஞ்சாலையில் 100-ல் போகும்போது அது வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, 15 இன்ச்சிலேயே இருந்தால்?

இருக்கலாம். வெறும் அகலத்தை மட்டும் ஒரு படி கூட்டலாம். 195/55 ஆர்15 போட்டால் உயரம் 595.5 மி.மீ. 17 இன்ச் டயரும் இதே உயரம்தான், ஆனால் இதில் சைடுவால் 107 மி.மீ. இருக்கும். தரையில் பிடிக்கும் அகலம் கூடியாச்சு, பள்ளம் தாங்கும் சக்தியும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. மோசமான சாலையில் அதிகம் ஓட்டுபவர் என்றால் 195/60 ஆர்15 பாருங்கள். உயரம் 615 மி.மீ., அசலைவிட 2 சதவீதம் கூடுதல். தரை இடைவெளி 6 மி.மீ. உயரும், இன்ஜினின் இழுவை மட்டும் லேசாக மந்தமானதுபோலத் தெரியும். ரிம் மாற்றும் பணத்தை மிச்சம் பிடித்து நல்ல ரப்பரில் போட்டால், வளைவிலும் ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போதும் வித்தியாசம் உடனே தெரியும். பார்க்க மட்டும் பெரிய மாற்றம் இருக்காது. அது முக்கியம் என்றால் 16 இன்ச் ஒரு நியாயமான சமரசம்: 195/50 ஆர்16, உயரம் 601.4 மி.மீ., சைடுவால் 97.5.

இதில் ஒரு குழப்பம் வரும். போலோ ஜிடியின் பிந்தைய மாடல்களே 16 இன்ச் ரிம்மில் 195/55 ஆர்16 டயரோடு வந்தன. அதன் உயரம் 621 மி.மீ., பழைய 603-ஐவிட 3 சதவீதம் அதிகம். 'கம்பெனியே போடுது, நான் போட்டா என்ன?' என்று கேட்கலாம். கம்பெனி அதைப் போடும்போது அந்த டயரோடு சேர்த்தே காரைச் சோதித்துச் சான்று வாங்குகிறது. உங்கள் பழைய காரின் ஸ்பீடோமீட்டருக்கு நீங்கள் டயர் மாற்றியதே தெரியாது. முள் 100 காட்டும்போது முன்பைவிட 3 சதவீதம் கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். பொதுவாக ஸ்பீடோமீட்டர்கள் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும், அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத்தான் நீங்கள் தின்றுவிடுகிறீர்கள்.

அகலத்தையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். அகலமான டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும், மைலேஜைக் குறைக்கும். 105 குதிரைத்திறன் காருக்கு 215, 225 எல்லாம் போடுவது சைக்கிளுக்கு புல்லட் டயர் போடுகிற கதை.

அளவுக்குப் பின்னால் வரும் அந்தச் சின்ன எண்

185/60 ஆர்15 84எச் என்று இருக்கிறதா? அந்த 84-ஐ யாரும் பார்ப்பதே இல்லை. அது ஒரு டயர் அதிகபட்சம் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீடு. 84 என்றால் 500 கிலோ. எச் என்பது வேகக் குறியீடு, 210 கி.மீ. வரை. 205/40 ஆர்17 அளவில் சாதாரண டயரின் குறியீடு 80தான், அதாவது 450 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 50 கிலோ போச்சு! நான்கு பேர், டிக்கியில் லக்கேஜ், ஊருக்கு ராத்திரிப் பயணம் என்றால் இது விளையாட்டில்லை. அதே அளவில் 'எக்ஸ்எல்' வகை டயரில் 84 கிடைக்கும், ஆனால் அந்த எடையைத் தாங்க அதில் காற்றழுத்தமும் கூடுதலாக வைக்க வேண்டும். விதி ஒன்றுதான்: சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் அசலுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கணும், கீழே போகவே கூடாது.

கையோடு டயரில் ஐஎஸ்ஐ முத்திரையையும், தயாரான வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 1524 என்றால் 2024-ம் ஆண்டின் 15-வது வாரம். ஆஃபரில் கிடைக்கும் டயர் ஏன் ஆஃபரில் கிடைக்கிறது என்று பல நேரம் இந்த நான்கு இலக்கமே சொல்லிவிடும்.

ரிம்மின் பின்பக்கம்

இனி ரிம். கடையில் முன்பக்கத்தைக் காட்டுவார்கள். நீங்கள் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான ரிம்களில் உள்பக்கம் நான்கு விஷயங்கள் பொறிக்கப்பட்டிருக்கும்.

ஒன்று, பிசிடி. போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். போலோவுக்கு 5 துளை, 100 மி.மீ. ஸ்விஃப்டுக்கு 4 துளை, 100 மி.மீ. கோல்ஃபுக்கு 5 துளை, 112 மி.மீ. இதில் 'கிட்டத்தட்ட' என்பதே கிடையாது. 112-க்குப் பதில் 114.3 ரிம்மை இழுத்துப் பிடித்து முறுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். போல்ட் சாய்ந்து உட்காரும், ஓட ஓடத் தளரும்.

இரண்டு, நடுத்துளை. போலோவின் ஹப் 57.1 மி.மீ. பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று வெளிச்சந்தை ரிம்களில் பெரும்பாலும் பெரிய துளைதான் போடுவார்கள். இடையில் இருக்கும் இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்ற வளையம் வேண்டும். அது இல்லாமல் மாட்டினால் ரிம் நடு மையத்தில் உட்காராமல் ஸ்டீயரிங் அதிரும். நீங்கள் பேலன்சிங் செய்துகொண்டே இருப்பீர்கள், அதிர்வு போகாது. விலை மிகக் குறைவு, கேட்டு வாங்குங்கள்.

மூன்று, அகலம். 6ஜே என்றால் 6 இன்ச். 195/55 ஆர்15 டயருக்கு 5.5 முதல் 7 இன்ச் வரை பொருந்தும், அதனால் அசல் ரிம்மிலேயே அது உட்காரும். 205/40 ஆர்17-க்கு 7 முதல் 8 வரை.

நான்காவதுதான் அதிகம் பேர் ஏமாறுவது: ஆஃப்செட், ரிம்மில் ஈடி என்று இருக்கும். ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து, அது ஹப்பில் போய் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே துருத்தும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழையது 6ஜே ஈடி40, புதியது 7ஜே ஈடி35 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இன்ச் அகலம் கூடியதில் இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. வளரும். ஆஃப்செட் 5 குறைந்ததால் மொத்தச் சக்கரமும் 5 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளிப்பக்கம் 17.7 மி.மீ. துருத்தும், உள்பக்கம் 7.7 மி.மீ. நெருங்கும். வெளியே ஃபெண்டர் இடிக்கலாம், உள்ளே சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் இடிக்கலாம். காலியாக ஓட்டும்போது தெரியாது. பின்சீட்டில் மூன்று பேர் ஏறி, ஒரு வேகத்தடையில் இறங்கும்போதுதான் 'கர்ர்ர்' என்று கேட்கும். இடிக்காவிட்டாலும் ஆஃப்செட் ரொம்ப மாறினால் வீல் பேரிங்கின் ஆயுள் குறையும், மேடுபள்ளத்தில் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும்.

ரிம்மின் எடையையும் கேளுங்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே சக்கரத்துக்கு 2 கிலோ கூடினால்கூட சஸ்பென்ஷனுக்கு வேலை கூடும், கார் கிளம்புவதும் நிற்பதும் மந்தமாகும். மலிவான பெரிய ரிம் பெரும்பாலும் கனமான ரிம். வேகத்துக்காக வாங்கி வேகத்தைக் குறைத்துக்கொள்வது இங்கேதான் நடக்கிறது. ரிம் எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணும் பின்பக்கமே இருக்கணும். இல்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

போலீஸ், ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகனத்தை மாற்றியமைப்பது பற்றியது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டத்திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் காரின் அதே மாடலில் கம்பெனியே கொடுத்த டயர் அளவு எதுவோ அதுதான் சட்டப்படி உறுதியான நிலம். அதைத் தாண்டிப் போவது, குறிப்பாக ஃபெண்டருக்கு வெளியே டயர் தெரிவது, சாலையில் நிறுத்திக் கேள்வி கேட்க நீங்களே கொடுக்கும் அழைப்பு.

வெளியில் வாங்கிய அலாய் வீலை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லி பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காத பொருளுக்கு க்ளெய்ம் கேட்டுப் போராடுவது வீண். கார் வாரன்டியில் இருந்தால், சஸ்பென்ஷன் பழுதுக்கு நீங்கள் மாட்டிய ரிம்மையே சர்வீஸ் சென்டர் காரணம் காட்டும் என்பதையும் எதிர்பாருங்கள்.

மாட்டும் நாளில்

போலோவின் அசல் ரிம்மில் போல்ட் உட்காரும் குழி உருண்டையானது. வெளிச்சந்தை ரிம்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம். பழைய போல்ட்டையே போட்டால் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், இறுகினதுபோலத் தெரியும், இறுகியிருக்காது. ரிம்முக்கு ஏற்ற போல்ட்டைச் சேர்த்தே வாங்குங்கள். இம்பாக்ட் கன்னால் 'டர்ர்' என்று விட்டுவிட்டுப் போகாமல், டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஆட்களை ஏற்றிப் பார்த்து, உள் லைனரில் உரசிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அலைன்மென்ட்டும் அன்றைக்கே.

கழற்றிய பழைய போல்ட்களைக் கடையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி இன்னும் கம்பெனி ரிம்தான், புது போல்ட் அதில் சரியாக உட்காராது. பழைய போல்ட்டில் ஐந்தை ஒரு பையில் கட்டி ஜாக்கியோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.