பங்கேற்பு ஆய்வு ஆலோசகர்கள்: தொழிற்பின்னணி

மக்கள் தம் சிக்கல்களைத் தாமே ஆராய்ந்து, தீர்வுக்காக ஒன்றுதிரள உதவும் வல்லுநர்கள் சமூக அமைப்பாக்க, பங்கேற்பு ஆய்வு ஆலோசகர்கள் எனப்படுவர். இத்துறைக்கெனத் தனிப் படிப்பு உருவாகும் முன்பே பணி தொடங்கிவிட்டதால், இதன் முன்னோடிகள் வெவ்வேறு தொழில்களிலிருந்து வந்தவர்கள்.

தொடக்க காலம்

அமெரிக்காவின் மைல்ஸ் ஹார்ட்டன் இறையியல் பயின்றவர். டென்மார்க்கின் நாட்டுப்புறக் கல்விக்கூடங்களைப் பார்த்துத் திரும்பி, 1932இல் டென்னசியில் ஹைலேண்டர் பள்ளியை நிறுவினார். தொழிற்சங்கத்தினருக்குப் பயிற்சியளித்த இப்பள்ளியில், இனப் பாகுபாட்டை எதிர்த்த மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்புக்குச் சில மாதங்களுக்கு முன், அதற்கு வித்திட்ட ரோசா பார்க்சும் பயின்றார். சால் அலின்ஸ்கி குற்றவியல் ஆய்வாளர். சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைப் பகுதி மக்களை 1939இல் அணிதிரட்டியவர், மறு ஆண்டே அமைப்பாளர்களை உருவாக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

தென்னுலகின் பங்கு

பிரேசிலின் பாவ்லோ பிரையரே சட்டம் படித்து ஆசிரியரானவர். 1963இல் ஆங்கிகோசில் அவர் நடத்திய எழுத்தறிவு வகுப்புகள், கற்போரின் வாழ்க்கையையே பாடமாக்கின. கொலம்பியாவின் ஓர்லாண்டோ பால்ஸ் போர்டா, பொகோட்டாவில் சமூகவியல் துறை அமைய முன்னின்றவர். பின்னர் பல்கலைக்கழகத்தை விட்டு உழவர்களுடன் சேர்ந்து ஆய்வு செய்தார். 1977இல் அதே நாட்டின் கார்த்தஹேனாவில் நடந்த உலகக் கருத்தரங்கம் இவ்வகை ஆய்வுகளை ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது.

அமெரிக்காவிலும் இத்தகைய ஆய்வு நடந்தது. அரசியல் அறிஞரான ஜான் கவென்டா ஹைலேண்டரில் பணியாற்றியவர். அவர் காலத்தில் அப்பலாச்சிய மலைப்பகுதியின் 6 மாநிலங்களில் 80 மாவட்டங்களின் நில உடைமைப் பதிவேடுகளை உள்ளூர் மக்களும் சேர்ந்து அலசினர். நிலமும் கனிம உரிமையும் பெருமளவில் வெளியாரிடமும் நிறுவனங்களிடமும் குவிந்திருந்தது வெளிப்பட்டது.

இந்தியா

கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியலும் கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் மேலாண்மையும் பயின்ற ராஜேஷ் டாண்டன், 1982இல் டெல்லியில் பங்கேற்பு ஆய்வுக்கான ‘பிரியா’ நிறுவனத்தைத் தொடங்கினார். கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கால மாவட்ட அலுவலராக இருந்த ராபர்ட் சேம்பர்ஸ், பங்கேற்பு ஊரக மதிப்பீட்டு முறையை உலகெங்கும் பரப்பினார். 1980களின் இறுதியில் குஜராத்தின் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டமும் பெங்களூரின் மைராடா தொண்டு நிறுவனமும் இம்முறையைக் களத்தில் வளர்த்தன. கோலப்பொடியால் தரையில் ஊர் வரைபடம் இடுவதும், விதைகளை எண்ணி வைத்து விளைச்சலையும் வேலை நாட்களையும் ஒப்பிடுவதும் இதன் வழிகள். எழுத்தறியாதவரும் இவற்றில் தயக்கமின்றிப் பங்கேற்க முடிந்தது.

மதிப்பீடு

இன்று பல்கலைக்கழகங்கள் இதனைப் பாடமாகவே கற்பிக்கின்றன. 2012இல் சமூகம்சார் ஆய்வுக்கென யுனெஸ்கோ இருக்கையும் அமைந்தது. ஆயினும் பட்டம் மட்டுமே ஆலோசகரை உருவாக்குவதில்லை. முன்னோடிகள் தம் படிப்பைத் துறக்கவில்லை. அது தந்த அதிகாரத்தை மக்களோடு பகிர்ந்துகொண்டனர். ஆய்வு முடிந்தபின் தகவலும் அதைத் திரட்டும் திறனும் ஊர் மக்களிடமே தங்க வேண்டும். ஓர் ஆலோசகரின் தகுதிக்கு அதுவே சரியான அளவுகோல்.