விவாகரத்து வழக்கு நடக்கும்போதே கணவன் இறந்தால் சொத்து யாருக்கு? மனைவிக்குப் பங்கு உண்டா?

ஆறு வருஷமாக இருவரும் தனித்தனி வீடு. குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு. இன்னும் இரண்டு வாய்தாவில் தீர்ப்பு வந்துவிடும் என வக்கீலே சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் கணவன் சாலை விபத்தில் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான்: "அவதான் வேண்டாம்னு கோர்ட்டுக்குப் போனாளே, அவளுக்கு எதுக்குப் பங்கு?"

சட்டம் சொல்லும் பதில்: பங்கு உண்டு.

ஏன் அப்படி?

தீர்ப்பு வரும்வரை திருமணம் உயிரோடுதான் இருக்கிறது. எத்தனை வருஷம் பிரிந்திருந்தாலும் சரி, வழக்கை யார் போட்டிருந்தாலும் சரி. ஒருவர் இறந்ததும் விவாகரத்து மனு அற்றுப்போகும். இறந்தவர் சார்பில் அவருடைய அம்மாவோ அண்ணனோ அதைத் தொடர்ந்து நடத்தி விவாகரத்து வாங்க முடியாது. ஆக, மனைவி சட்டப்படி விதவை ஆகிறார், வாரிசும் ஆகிறார்.

பரஸ்பர சம்மத விவாகரத்திலும் இதே நிலைதான். முதல் மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும், இறுதி உத்தரவு வருவதற்குள் ஒருவர் இறந்தால் விவாகரத்து இல்லை.

யாருக்கு எவ்வளவு?

1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் நிலை வாரிசுகள் மனைவி, மகன், மகள், தாய். எல்லோருக்கும் சம பங்கு. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்றால் நாலில் ஒரு பங்கு மனைவிக்கு. இறந்தவரின் அப்பா இரண்டாம் நிலை வாரிசு என்பதால் அவருக்கு எதுவும் கிடைக்காது. பலருக்கும் இது தெரிவதே இல்லை.

இடையில் கணவன் வேறொரு பெண்ணைக் 'கல்யாணம்' செய்திருந்தால்? முதல் திருமணம் முடியாததால் அது செல்லாது. அந்தப் பெண் வாரிசு ஆக மாட்டார. ஆனால், அந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தகப்பனின் சொத்தில் பங்கு உண்டு.

மனைவி இறந்தால்?

சிக்கல் இங்கேதான் அதிகம். பிள்ளை இல்லாத இந்துப் பெண் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் இல்லாவிட்டால் கணவனுக்குப் போகும். அடித்துத் துரத்திய கணவனாக இருந்தாலும் அவர்தான் வாரிசு, பெற்றோருக்கு இல்லை. தாய், தகப்பனிடமிருந்து வந்த சொத்து மட்டும் பிறந்த வீட்டுக்குத் திரும்பும்.

இது எவ்வளவு கொடுமையாகப் போகலாம் என்பதற்கு 2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கே சாட்சி. திருமணமான சில மாதங்களில் கணவன் இறக்க, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட பெண் அவர். பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். அவர் இறந்தபின் அந்தச் சேமிப்பு கணவன் வீட்டாருக்கே என்று தீர்ப்பானது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

தடுக்க என்ன வழி?

உயில்தான். வழக்குப் போட்ட கையோடு எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்து கட்டாயம். சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். உயிலில் ஒதுக்கப்பட்ட மனைவி, மறுமணம் செய்யாதவரை அந்தச் சொத்திலிருந்து ஜீவனாம்சம் கேட்க வழி உண்டு.

'பேங்க்ல நாமினியை மாத்திட்டேன், போதும்' என்று நினைப்பது தப்பு. வங்கிப் பணத்துக்கும் ஷேருக்கும் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைப்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்குத்தான்.

மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2024 ஜனவரியில் ஒரு சலுகை வந்தது. விவாகரத்து வழக்கு நிலுவையில் இருந்தால், குடும்ப ஓய்வூதியத்தைக் கணவனுக்கு முன்பாகப் பிள்ளைகளுக்குத் தரும்படி எழுத்துமூலம் கேட்கலாம்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்திருந்தால்?

விவாகரத்து கிடைத்தபின் மரணம் என்றால் துணைக்குப் பங்கில்லை. பிள்ளைகளின் பங்கு அப்படியே இருக்கும். ஆனால் மனைவிக்குத் தெரியாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கப்பட்டிருந்தால், கணவன் இறந்த பிறகும் அதை ரத்து செய்யக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரத்தானால் அவர் மறுபடியும் வாரிசு.

முஸ்லிம், கிறிஸ்தவர்களுக்குப் பங்குக் கணக்கு வேறு. உதாரணமாக, முஸ்லிம் விதவைக்குப் பிள்ளை இருந்தால் எட்டில் ஒரு பங்கு, இல்லாவிட்டால் நாலில் ஒன்று.